சண்டித்தனம் என்று எழுதிய றஞ்சிதா

கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் பிறந்தவள் றஞ்சிதா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அவளுடைய அப்பா, மாட்டுவண்டிலில் நெல் ஏற்றிப் பிழைத்தவர். வின்சன்டைக் கட்டிக்கொண்டு அரிப்பு என்ற கடற்கரைக் கிராமத்துக்கு வந்தபோது அவளுக்குக் கடலென்றாலே பயம். பத்து வருஷத்தில், வலையிலிருந்து நண்டு கழற்றும் பதினொரு பெண்களுக்கும் அவள்தான் வாய்.

கரையில் ஒரு கிடுகுப் பந்தலின் கீழ் அவர்கள் வேலை செய்தார்கள். போன மாரி முடிந்ததும் அதே ஊர் மீனவர் மில்ரன் தன் பெரிய வள்ளத்தைப் பந்தலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஏற்றி நிறுத்தினார். நண்டு வலையோடு வரும் சின்னத் தோணிகள் பந்தலடியில் கரைசேர வழியில்லாமல் போயிற்று. கேட்டால், "கரை உங்கட பேரிலயோ கிடக்கு? நான் எடுக்கமாட்டன்" என்றார்.

'மில்ரன் எங்களோடு சண்டித்தனம் செய்கிறார்' என்று மீனவர் சங்கத்துக்கு றஞ்சிதா கடிதம் கொடுத்தாள். கூட்டத்தில் அதைப் படித்த தலைவர் யாகப்பர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, இது பழைய காலத்துச் சொல்லு. அடிதடிக்காரனைத்தான் சண்டியன் எண்டு சொல்லுறது. மில்ரன் ஆருக்கும் கை நீட்டேல்லையே."

"நான் ஒருத்தரையும் தொடவும் இல்லை," என்றார் மில்ரன்.

றஞ்சிதா எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்கட அப்பா வண்டில்காரர். அவர் சண்டி எண்டு சொன்னது முட்டுற மாட்டை இல்லை. நுகத்தில பூட்டினவுடன நடுறோட்டில படுத்திடுற மாட்டை. அது ஒருத்தரையும் முட்டாது. அடிச்சாலும் எழும்பாது. பின்னால வாற வண்டில் முழுக்க நிண்டுபோகும். மாட்டுக்கு வச்ச பேர்தான் பிறகு மனுசருக்கு வந்தது எண்டு அப்பா சொல்லுவார். நான் சரியாத்தான் எழுதினனான்."

கூட்டம் சிரித்தது.

"அப்ப உன்ர அப்பா அந்த மாட்டை என்ன செய்தவர்?" என்று கேட்டார் யாகப்பர்.

"அவிழ்த்து விட்டிட்டு வேற மாட்டைப் பூட்டிக்கொண்டு போயிடுவார். தனியக் கிடக்கேலாமல் அது தானா எழும்பி வரும்."

சொல்லும்போதே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. மறுநாள் காலை பெண்கள் பந்தல் கால்களைப் பிடுங்கிக் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் நட்டார்கள். தோணிகள் அங்கே ஒதுங்கின. நண்டும் மீனும் வாங்க வரும் வஸீரின் லொறியும் அங்கேயே போய் நின்றது. மில்ரனின் வள்ளத்து நிழலில் நாய்கள் படுத்திருந்தன. நான்கு நாள் அவர் தன் மீன்கூடைகளைச் சுடுமணலில் லொறிவரை சுமந்து பார்த்தார். ஐந்தாம் நாள் வள்ளத்தைக் கொண்டுவந்து பந்தலடியில் நின்றார்.

"இதில விடலாமோ, றஞ்சிதா?"

"தாராளமா விடுங்கோ. தோணி வாற வழியை மறிக்காமல் அங்கால விடுங்கோ."

அடுத்த தேர்தலில் அவளைச் சங்கச் செயலாளராக்கினார்கள். கூட்ட நாட்களில் வின்சன்ட்தான் சமையல். உப்பு கொஞ்சம் கூடத்தான், ஆனால் மனுசன் பழகிவிடுவார் என்கிறாள்.