துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓடாதவர்கள்

தீபாவளி முடிந்து ஒரு மாதம்போல எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, வலிக்கிற பல்லைப் பிடுங்குவது என்று எல்லாவற்றையும் அந்த ஒரு மாதத்துக்குள் முடித்துக்கொள்வோம். அப்படி ஒரு விடுமுறையில்தான் நானும் என் மதினியும் சினிமாவில் நடித்தோம்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அச்சங்குளம் பக்கம் ஒரே கம்பெனியில் இருவருக்கும் பேக்கிங் வேலை. எங்களை ஏற்றிப்போகும் வேன்காரர்தான் சினிமாவுக்கும் ஆள் சேர்த்தார். சந்தைக்கு வந்த சனம் மாதிரி நிற்க வேண்டும், சுட்டால் ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். கொஞ்ச நேரத்தில் வேன் நிறைந்துவிட்டது. எல்லோரும் எங்கள் கம்பெனிப் பெண்கள்.

இருக்கன்குடி போகிற வழியில் ஒரு பொட்டலில் சந்தை போட்டிருந்தார்கள். கத்தரிக்காயும் வெங்காயமும் நிஜம். தேங்காயெல்லாம் தெர்மாகோல். அப்பாவைக் கொன்ற நான்கு பேரை மகள் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துச் சுடுவது கதை. காட்டுப்பன்றி விரட்ட அப்பா வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி அவளிடம் இருக்கும். மூன்றாவது ஆளை இந்தச் சந்தையில்தான் சுடப்போகிறாள் என்று ஒரு உதவி இயக்குநர் விளக்கினார்.

துப்பாக்கிகளுக்கென்று தனியாக ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். இரும்புப் பெட்டிக்குப் பெரிய பூட்டுப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். மதினி போய்ப் பேச்சுக் கொடுத்ததும், இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தவர் மாதிரி பெட்டியைத் திறந்து காட்டினார். கீழே விழுகிற காட்சிக்கும் அடிக்கிற காட்சிக்கும் ரப்பர் துப்பாக்கி. சும்மா பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு ஃபைபரில் செய்து கறுப்பு அடித்தது. குண்டில்லாமல் புகையும் சத்தமும் மட்டும் வருகிற இரும்புத் துப்பாக்கிகள் இரண்டே இரண்டு. ஒன்று அந்த இரட்டைக் குழல், இன்னொன்று வில்லன் ஆள் வானத்தைப் பார்த்துச் சுடுவது. குண்டு இல்லாவிட்டாலும் அவற்றை யாரையும் பார்த்து நீட்டக் கூடாது என்று கறாராகச் சொன்னார். மதினி ரப்பர் துப்பாக்கியை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். குழல் முருங்கைக்காய் மாதிரி வளைந்து நிமிர்ந்தது. பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் முகம் சுருங்கிவிட்டது.

முதல் டேக்கில் வில்லன் ஆள் வானத்தைப் பார்த்துச் சுட்டான். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். கல்யாண ஊர்வலத்தில் யாரோ வெடி போட்டால் எப்படிப் பார்ப்போமோ அப்படி. எங்களில் ஒருத்தி அப்படிக்கூடப் பார்க்கவில்லை. பூச்சி இல்லாத கத்தரிக்காயாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் சின்ன வயதுக்காரர், சென்னையிலிருந்து வந்தவர், பொறுமைசாலி. சத்தம் கேட்டதும் பயந்து அலறி ஓட வேண்டும் என்று தன்மையாகச் சொன்னார். இரண்டாவது டேக்கில் ஓடினோம். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட மாதிரி ஓடினோமாம். மூன்றாவதில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்படிப் பயப்படுவது என்று உதவி இயக்குநரே தலையில் கைவைத்துக் கத்திக்கொண்டு பொட்டல் முழுக்க ஓடிக் காட்டினார். நாங்கள் சந்தோஷமாக வேடிக்கை பார்த்தோம்.

எங்கள் மேல் தப்பில்லை. வருஷம் பூராவும் வெடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். புதுச் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற நாட்களில் காது நிறைய சத்தம். மதினி நேராகத் துப்பாக்கிப் பெட்டிக்காரரிடமே போய், வெடிமருந்து நமுத்துப்போய்விட்டதா என்று கேட்டுவிட்டாள். அவர் எழுந்து வெயிலில் போய் நின்றுகொண்டார்.

எங்களுக்கு நேர்மாறாக இருந்தாள் கதாநாயகி. இரட்டைக் குழலைத் தோளில் வைத்து அவள் நிற்கிற தோரணை பிரமாதம். ஆனால் விசையை இழுக்கும்போது கண்ணை இறுக மூடிவிடுவாள். தோள் தூக்கிப்போடும். பழிவாங்க வந்தவள் ஊசி போட்டுக்கொள்ள வந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். நான்கு முறை எடுத்தும் சரியாக வரவில்லை. சாப்பாட்டுக்கு விட்டார்கள்.

நாங்கள் வேப்ப மரத்தடியில் தக்காளிச் சாதத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவளே தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. உங்களுக்கு மட்டும் எப்படி உடம்பு அதிரவே மாட்டேன் என்கிறது என்று கேட்டாள். சும்மா பேச்சுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கவலையாக இருந்தாள்.

மதினி அவளுக்குத் தன் முட்டையைப் பிட்டுப் பாதி வைத்தாள். "எப்ப வெடிக்கும், எப்ப வெடிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கீகள்ல, அதான் தூக்கிப் போடுது. நீங்க பாட்டுக்கு மனசுக்குள்ள என்னத்தையாவது எண்ணிக்கிட்டே இருங்க. நாங்க பாக்கெட்டு எண்ணுவோம்ல, அந்தமாதிரி. எண்ணிக்கை பாதில இருக்கையில சத்தம் வந்தா ஒடம்புக்குத் தெரியாது."

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எண்ணினாள். உதடு லேசாக அசைய, கண் திறந்தபடியே சுட்டாள். புகை விலகியபோது முகம் கல் மாதிரி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பெட்டிக்காரரும் தட்டினார்.

ஆனால் எங்கள் காட்சி இன்னும் பாக்கி. இயக்குநர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். சரி, நீங்கள் எந்தச் சத்தத்துக்குத்தான் பயப்படுவீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டார்.

யாரும் பேசவில்லை. அதுவரை நிறுத்தாமல் பேசிய கூட்டம் அது. அவருக்கு ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று புரிந்திருக்க வேண்டும், எழப்போனார். நான்தான் சொன்னேன். ஏன் என் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"பக்கத்துல வெடிக்கிறதுக்குப் பயமில்ல சார். தூரத்துல கேக்கும். சத்தம்கூடப் பெருசா இருக்காது. காலுக்குக் கீழதான் மொதல்ல தெரியும். அதுக்கு நாங்க ஓட மாட்டோம். அப்பிடியே நின்னுருவோம். எந்தப் பக்கம் பொகை வருதுன்னு பாப்போம். எந்த ஊருப் பக்கம், எந்தக் கம்பெனி, யாரு வீட்டாளு அங்கன வேலைக்குப் போயிருக்காகன்னு."

எழப்போனவர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம், கஷ்டமாக இருந்தால் வேண்டாம், ஆனால் அந்த மாதிரி நிற்க முடியுமா என்று கேட்டார். மதினி எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத நெனச்சுக்கிட்டு நிக்கச் சொல்லாதீக. சும்மா நிக்கச் சொல்லுங்க, நிக்கோம்."

ஒரே டேக்தான். சந்தை சளசளவென்று நடக்கிறது. பொட்டலின் கடைசியில் பெட்டிக்காரர் இரும்புத் துப்பாக்கியைச் சுட்டார். மெல்லத்தான் கேட்டது. வெங்காயத்தை அள்ளிய கை நின்றது. பைக்குள் போன கை நின்றது. இருபது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. மதினி நினைக்கச் சொல்லாதீர்கள் என்றாளே தவிர, எனக்கு நினைவு வரத்தான் செய்தது. காலையில் கத்தரிக்காய் பொறுக்கியவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கும் வந்திருக்கும். எங்களைப் பார்த்து, வில்லனின் ஆட்கள் எல்லோரும் துப்பாக்கியைத் தொங்கவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கட்" சொல்ல இயக்குநருக்கு மறந்துவிட்டது. மதினிதான் டீ எப்போது வரும் என்று கேட்டாள். அதற்கு ஒரு சிரிப்பு எழுந்தது பாருங்கள், பொட்டலே அதிர்ந்தது.

சாயங்காலம் வேன் கிளம்புவதற்கு முன் பெட்டிக்காரர் சமாதானமாகிவிட்டார். ஃபைபர் துப்பாக்கிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் கைத்துப்பாக்கியை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி நின்றேன். அதை என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறார். மறுநாளே அவர் கூட்டாளிகள் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மிஷினில் ஒட்டிவிட்டார்கள். லோடு எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு அவரிடம், "என்ன அண்ணாச்சி, வீட்ல சொகமா இருக்கீகளா?" என்று விசாரித்தார்களாம். குழம்பில் உப்புக் குறைகிறது என்று அவர் சொல்வது கொஞ்ச நாளைக்கு நின்றுபோனது.

ஏழெட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு எல்லோரும் சாத்தூர் தியேட்டருக்குப் போனோம். இரட்டைக் குழல் முதல்முறை வெடித்தபோது எங்கள் வரிசை முழுக்கத் தூக்கிவாரிப் போட்டது. என் பக்கத்தில் மதினியின் பாப்கார்ன் பாதி தரைக்குப் போய்விட்டது. பொட்டலில் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சத்தத்தைத் தனியாக ஏற்றியிருக்கிறார்கள். "இதுதான் மருந்து," என்றாள் மதினி.

சந்தைக் காட்சி வந்தது. கதாநாயகியின் உதடு அசைவதைப் பார்த்து, அப்பாவைக் கொன்றவர்களை எண்ணுகிறாள் என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். ஆனால் கொஞ்ச நேரத்தில், நாங்கள் எல்லோரும் நின்று திரும்பிப் பார்க்கிற இடம் வந்தது. சில நொடிகள்தான். அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த தியேட்டர் சட்டென்று அடங்கியது. எங்கள் ஊர் தியேட்டர். அந்த நிற்பு என்னவென்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு யாரோ ஒருவர் மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தார். எனக்குக் கண் கலங்கியது, பெருமையாகவும் இருந்தது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கையாலேயே என் பாப்கார்னை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

கடைசியில் நான்கு பேரையும் சுட்டுத் தீர்த்துவிட்டு அந்தப் பெண் தனியாக ரோட்டில் நடந்து போனாள். வெளியே வந்ததும் படம் எப்படி என்று மதினியிடம் கேட்டேன். அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா அம்புட்டு நேரத்துல அந்தப் பிள்ள ஒருவாய் சாப்பிட்டாளா? ஒருத்தனுக்கும் அவளச் சாப்பிட வைக்கணும்னு தோணலையே."

எங்களுக்கும் அப்போதுதான் பசி தெரிந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எண்ணெய்ப் புரோட்டா போட ஆரம்பித்திருந்தார்கள். மூன்று மேசையைச் சேர்த்துப் போடச் சொல்லி உட்கார்ந்தோம்.