அமாவாசை லீவு

என் வியாதிக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது. பதினாலு வயதில் முதல் வலிப்பு வந்தது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. அதற்குப் பிறகும் அது அமாவாசை, பௌர்ணமி என்று பார்க்காமல் தனக்குத் தோன்றிய நாளில்தான் வந்து போனது. இதை நான் வேலை பார்த்த ஆபீசில் யாரையும் நம்ப வைக்க முடியவில்லை. என் வியாதியைப் பற்றி என்னைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்திருந்தது.

நானும் அம்மாவும் ஸ்ரீரங்கத்தில் தெற்குவாசல் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா இறந்த மறுவருஷம் நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, ஐம்பத்தேழில் திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பன்னிரண்டு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி. சேரும்போது நிரப்பிய தாளில் 'உடல்நலம்' என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதினேன். பச்சைப் பொய். ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

மூன்று வருஷம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். அதைப்போலக் கஷ்டமான வேலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புத்தூரில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் பார்க்காதபோது முழுங்குவேன். அது தூக்கத்தைக் கொண்டுவரும். ஆபீசில் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கினேன், பரவாயில்லை என்று இருந்தேன். கழிப்பறையில் தாழ்ப்பாள் போடப் பயம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரப் பயம். காவிரிப் பாலம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். நீரையும் நெருப்பையும் பார்த்தால் வலிப்பு வரும் என்பது அம்மாவின் கட்சி. அம்மா மண்டபம் படித்துறைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் காவிரியில் நான் கால் நனைத்ததில்லை.

அறுபதில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், லால்குடி பஸ் ஒன்றைப் பற்றிய கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தேன். பாதிக் கடிதம் வரைதான் ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். சுற்றிலும் வேட்டிக் கரைகளும் செருப்புகளும் தெரிந்தன. வலது கையில் ஏதோ கனமாக இருந்தது.

அது ரெக்கார்டு ரூம் சாவி. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது ஊரறிந்த வைத்தியம். ஆபீசில் கைக்குக் கிடைத்த பெரிய இரும்பு அந்தச் சாவிதான். ஒரு சாண் நீளம் இருக்கும். ஹெட் கிளார்க் அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிப் பிடித்திருக்கிறார். வலிப்பு தானாக வந்தது, தானாக நின்றது. பெயர் மட்டும் சாவிக்கு.

எழுந்து உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, சாவியை அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இருக்கட்டும்மா. அப்படி மேஜைமேல வச்சிருங்க."

வைத்தேன். சாயங்காலம் வரை அது மேஜைமேலேயே கிடந்தது. பியூனை எடுக்கச் சொன்னார்கள். தனக்குப் பிள்ளைகுட்டிகள் இருப்பதாக அவர் சொன்னார். வலிப்புக்காரர் கையில் இருந்ததைத் தொட்டால் தொற்றிக்கொள்ளுமாம். ஐந்தரை மணிக்கு ஹெட் கிளார்க் தூரத்தில் நின்றபடியே, "அது உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார். நான் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நியாயமாக அன்று பஸ்ஸில் நான் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. எதற்காக மூன்று வருஷம் நடுங்கினேனோ அது நடந்தே முடிந்துவிட்டது. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அந்த நிம்மதியில் முதல் தடவையாக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். பாலத்தின்மேல் பஸ் போனபோது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காவிரியைப் பார்த்தேன். தண்ணீர் பாதிதான் இருந்தது. மீதி மணல். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது.

அந்த நிம்மதி ஒரு வாரம்தான். மானேஜர் என்னை வேலையைவிட்டு நிறுத்தத்தான் நினைத்தார். முதலாளி புதுக்கோட்டையில் இருந்தார். அப்பா இல்லாத பெண், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம், ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதை மானேஜர் அப்படியே எடுத்துக்கொண்டார். டைப் அடிக்கும் சத்தம்தான் மூளைக்கு ஆகவில்லை என்று அவரே கண்டுபிடித்து, என் மெஷினை இரண்டு விரலால் தட்டுகிற ஒரு கிளார்க்கிடம் கொடுத்தார். என்னை ரெக்கார்டு ரூம் வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். காபிக்குத் தனி டம்ளர் வந்தது, அடியில் சிவப்பு மையில் புள்ளி வைத்து. அந்த வருஷம் என்னை பெர்மனெண்ட் ஆக்கியிருக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தற்காலிகம் என்று கையெழுத்து வாங்கினார்கள். எந்த மூன்றாவது மாதத்திலும் என்னை வீட்டுக்கு அனுப்பலாம். புத்தூர் டாக்டர், இவர் எல்லா ஆபீஸ் வேலையும் செய்யலாம் என்று சர்ட்டிபிகேட் எழுதி உறையில் போட்டுக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் மானேஜரின் மேஜைமேல் வைத்தேன். அவர் உறையை ஓரத்தில் பிடித்து எடுத்து என் பைலில் சொருகினார்.

எல்லாவற்றுக்கும் மேலே, அமாவாசை லீவு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வலிப்பு வரும் என்பதால் அந்த இரண்டு நாளும் நான் ஆபீசுக்கு வரக்கூடாது. சம்பளம் கிடையாது. வருஷம் பிறந்ததும் ஹெட் கிளார்க் காலண்டரில் அந்தத் தேதிகளைச் சுற்றி வட்டம் போடுவார். இவ்வளவு சிரத்தையாக என் உடம்பை அம்மாகூடக் கவனித்ததில்லை. எனக்கு வந்தது சப்தமி திதியில் என்று ஒருநாள் பஞ்சாங்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "பொம்பளப் புள்ள இப்படி எதிர்த்துப் பேசினா ரத்தம் சூடாகும்மா" என்றார் அவர்.

சாவி மட்டும் என்னிடமே இருந்தது. பூட்டு அந்த இரும்புக் கதவோடு சேர்ந்தது, மறுசாவி என்றோ தொலைந்துவிட்டது. கதவை மாற்ற மானேஜருக்கு மனசு வரவில்லை. எனவே யாருக்குப் பழைய காகிதக் கட்டு வேண்டுமானாலும் என்னிடம் வர வேண்டும். நான் திறந்து, எடுத்து, தூசி தட்டி மேஜைமேல் வைப்பேன். காகிதத்தைத் தொட மட்டும் அவர்களுக்குப் பயம் இல்லை. தொற்றுவதெல்லாம் இரும்பு வழியாகத்தான் போலும். அமாவாசைக்கு முந்தின நாளே வேண்டியதை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போவேன். சும்மா உட்கார எனக்கு வராது. இரண்டு வருஷத்தில் அந்த அறையில் குப்பையாகக் கிடந்த கட்டுகளையெல்லாம் ரூட் வாரியாகப் பிரித்துச் சீட்டு ஒட்டி அடுக்கினேன். புத்தூர் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில் அந்த இரண்டு வருஷமும் வலிப்பே வரவில்லை. அதை ஆபீசில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அறுபத்திரண்டில் பழைய மானேஜர் வேறு கம்பெனிக்குப் போய், புதியவர் வந்தார். ஐம்பது வயது, பொடி போடுகிறவர், முன்கோபி. அவர் வந்த மூன்றாம் நாள் அமாவாசை. நான் வீட்டில் அப்பாவை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வந்தேன். வாசலில் கம்பெனி ஜீப் வந்து நின்றது.

"புது மானேஜர் உங்கள உடனே வரச் சொன்னாரும்மா, சாவியோட" என்றார் டிரைவர்.

"சாவியோடயா?" அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "வாங்கி வச்சுக்கிட்டு அனுப்பிடப் போறாங்கடி."

எனக்கும் அதேதான் தோன்றியது. அந்த மாதம்தான் மூன்று மாதக் கையெழுத்து முடிகிறது. ஜீப்பில் போகும்போது சாவியை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த மாத வாடகைக்கு யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

மானேஜர் ரெக்கார்டு ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"துறையூர் ரூட் பெர்மிட் விசாரணை மூணு மணிக்கு. பழைய பேப்பர் எல்லாம் உள்ள இருக்கு, சாவி ஸ்ரீரங்கத்துல இருக்கு. ஏன் வரல இன்னிக்கு?"

நான் ஹெட் கிளார்க்கைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அமாவாசை சார்."

"அதத்தான் ஆளாளுக்குச் சொல்றாங்க. அமாவாசைக்கும் உங்களுக்கும் என்ன?"

போகப்போகிறவளுக்கு என்ன பயம்? ஆபீஸ் முழுவதும் கேட்கும்படியே சொன்னேன். "எனக்கு வலிப்பு இருக்கு சார். அமாவாசைக்கு வரும்னு என்னை வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"வருமா?"

"அது நாள் பாத்து வராது சார். ரெண்டு வருஷமா வரவே இல்ல."

"சாவி" என்று கையை நீட்டினார். பழக்கதோஷத்தில் நான் பக்கத்து மேஜைமேல் வைக்கப் போனேன். "கையில குடுங்க, நேரமாகுது" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். இரண்டு வருஷமாக என் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கியதில்லை. ஆனால் அப்போது அதுகூட எனக்கு உறைக்கவில்லை. சாவி போயிற்று, வேலை போயிற்று என்றுதான் நின்றேன்.

கதவைத் திறந்து சாவியை உருவிக்கொண்டு உள்ளே போனார். துறையூர்க் கட்டு இருந்த தட்டைக் காட்டினேன். நான் எடுக்கும்வரை அவருக்குப் பொறுமை இல்லை. இரண்டு கையாலும் கட்டை இழுத்தார். கையில் சாவி இடைஞ்சலாக இருந்தது. சட்டென்று அதை வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டு, கட்டை இறக்கினார்.

வாசலில் நின்ற ஹெட் கிளார்க் அலறிவிட்டார். "சார்! சார்! வாயில வைக்காதீங்க சார்!"

மானேஜர் சாவியைக் கடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"அது அந்தம்மாவுக்கு வலிப்பு வந்தப்போ கையில வச்ச சாவி சார்!"

கட்டைக் கீழே வைத்தார். சாவியை வாயிலிருந்து எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப?"

"ரெண்டு வருஷம் இருக்கும் சார்."

"இரும்பு ருசியாத்தான் இருக்கு" என்றார். மூக்கில் ஒரு சிட்டிகை பொடியை ஏற்றிக்கொண்டு, தும்மிவிட்டு, கட்டோடு ஜீப்பில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்து, "போயிடாதீங்க, இருங்க" என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார்.

மூன்று மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். பெர்மிட் கிடைத்துவிட்டது. நேராக உள்ளே போய் என் பைலை வரவழைத்தார். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் புத்தூர் டாக்டரின் உறை இருந்தது, ஒட்டினது ஒட்டினபடி. என் எதிரிலேயே அதைக் கிழித்துப் படித்தார்.

"இத யாரும் பிரிக்கவே இல்லையே?"

"இல்ல சார்."

"அஞ்சு வருஷம் டெம்பரரியா?"

"ஆமா சார்."

"டைப்பிஸ்ட் எதுக்கு ரெக்கார்டு ரூம்ல உக்காந்திருக்கீங்க?" பதிலுக்குக் காத்திராமல் பைலை மூடினார். "ரெண்டு வேலையும் பாருங்க. பெர்மனெண்ட் ஆர்டர் போடணும். அந்த ஆள அடிக்கச் சொன்னா நாளைக்குத்தான் முடியும். நீங்களே அடிங்க."

என் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு விரல்காரர் எழுந்து இடம் விட்டார். என்னை நிரந்தரமாக நியமிக்கும் உத்தரவை நானே அடித்தேன். தேதிக்குப் பக்கத்தில் 'அமாவாசை' என்றும் அடித்துவிடலாமா என்று ஒரு குறும்பு தோன்றியது. அடிக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, உத்தரவோடு சாவியையும் என் கையில் கொடுத்தார்.

அவரை மகா உத்தமர் என்று சொல்ல மாட்டேன். மறுவாரமே ஒரு எழுத்துப் பிழைக்காக என்னை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தார். எனக்கு அதில்கூட ஒரு திருப்தி இருந்தது. இரண்டு வருஷமாக என்னைத் திட்டுவதற்குக்கூட யாரும் பக்கத்தில் வந்ததில்லை. பின்னால் இரண்டு தடவை ஆபீசில் எனக்கு வலிப்பு வந்தது. இரண்டு தடவையும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் படுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து கடிதத்தை அடித்து முடித்தேன்.

உத்தரவு கிடைத்த அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா வாசற்படியிலேயே நின்றாள்.

"சாவியக் குடுத்துட்டியா?"

"குடுத்தேம்மா."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாயில வச்சுக்கிட்டாரும்மா" என்றேன். அதற்குமேல் பேச முடியவில்லை. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து, உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அம்மா, "ஐயோ, வந்துருச்சே!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். இரும்புக் கரண்டியைத் தேடிப் பாத்திரங்களை உருட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா, சிரிக்கிறேன்" என்று சொல்லப் பார்த்தேன். சிரிப்பு விடவில்லை. கரண்டியோடு ஓடி வந்தவளுக்குக் கையை மட்டும் விரித்துக் காட்டினேன். உள்ளங்கையில் சாவி இருந்தது.