தண்ணீர் ஓடும்போது கிளம்பாதவர்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குகளில் கூப்பிட்டால் வராதவர்கள் ஏராளம். வந்தால் போகாதவர் ஒரே ஒருவர்தான். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் முழுச்சுற்று. பழுதைச் சரிசெய்த பிறகு துணியைப் போட்டு மெஷினை ஓடவிடுவார். அது ஊறவைத்து, அலசி, பிழிந்து, கடைசியில் பீப் பீப் என்று கத்தும்வரை எழுந்திருக்கமாட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் அவசரமாகக் கிளம்பிப்போன ஒரு வீட்டில் குழாய் கழன்று, மேல்மாடித் தண்ணீர் கீழ்மாடிக்காரரின் கட்டிலில் கொட்டியது. கட்டிலில் கீழ்மாடிக்காரரும் இருந்தார். அன்று பிடித்த விரதம் இது.

சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை, பேசுவார். துணி அலசி முடிப்பதற்குள் அந்த வீட்டில் யார் யாருக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பிழிந்து முடிப்பதற்குள் சமாதானமும் செய்துவைத்துவிடுவார். "அப்ப நான் கிளம்புறேன்" என்று எழுந்து வாசல்வரை போவார். வீட்டார் மூச்சு விடுவார்கள். "ஆமா, உங்க ஃப்ரிட்ஜ் ஏன் இப்படி முனகுது?" என்று திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

கல்யாணமும் இப்படி உட்கார்ந்தே நடந்ததுதான். ஒரு வீட்டில் மெஷினைப் பார்க்கப் போனார்; அந்த வீட்டுப் பெண் தேநீர் கொடுத்தாள். மெஷின் சரியாகிவிட்டது, இவருக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. வாராவாரம் வந்து ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தார். வீட்டில் அழுக்குத் துணியே இல்லாமல், துவைத்த துணியையே திரும்பத் திரும்பத் துவைக்கும் நிலை வந்தபோது பெண்ணின் அப்பா பொறுமை இழந்தார். "தம்பி, ஒண்ணு பொண்ணைக் கட்டிக்கோ, இல்லேன்னா மெஷினைத் தூக்கிட்டுப் போ. எனக்குச் சட்டையெல்லாம் நைஞ்சு போச்சு" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு ஓர் அக்கா. தங்கையின் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் மாற்றி அடுக்குவாள். அவள் வந்துபோனால் இரண்டு நாளைக்கு உப்பு டப்பாவைத் தேட வேண்டியிருக்கும். அக்காவின் கணவர், அதாவது நம் மெக்கானிக்கின் சகலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் வண்டிக்கு பிரேக் போட்டே பழகிய கால் அவருடையது. யார் என்ன பேசினாலும், பிடிக்கவில்லையென்றால் வலது கால் தன்னால் தரையை அழுத்தும்.

அவர்கள் வீட்டு மாடி காலியானது. குடியிருந்தவர்கள் பேப்பர்காரரிடம்கூடச் சொல்லாமல் ஓடியிருந்தார்கள். "நம்ம மாடி சும்மாதானே கிடக்கு? நீங்க வந்துடுங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று அக்கா ஆரம்பித்தாள். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட நாளிலிருந்து தங்கைக்குத் தூக்கம் போனது. சின்ன வயதிலிருந்து அக்கா பின்னிவிட்ட சடையை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவள் அவள். இப்போது மட்டும் எப்படி வாய் வரும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்ததும், சகலை புதிதாக வாங்கிய ஓர் ஆட்டத்தை மேஜையில் விரித்தார். ஒரு பழைய பங்களாவின் படம் போட்ட அட்டை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களாக நான்கு காய்கள். பகடை உருட்டி அறை அறையாக அலைந்து மூன்று சாவிகளைச் சேர்த்து, வாசல் கட்டத்துக்கு வந்து, அடுத்த முறை வெளியே போய்விட வேண்டும். முதலில் தப்புகிறவர் வெற்றி. நடுவில் சீட்டு எடுத்து எதிராளியை ஏதாவது அறையில் அடைத்தும் வைக்கலாம்.

"சும்மா ஆடினா என்ன சுவாரஸ்யம்? பந்தயம் வெப்போம்" என்றார் சகலை. "நீங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி, நாங்க ஒரு கட்சி. நாங்க ஜெயிச்சா அடுத்த மாசம் நீங்க மாடிக்கு வந்துடணும். நீங்க ஜெயிச்சா நாங்க இனிமே அந்தப் பேச்சையே எடுக்கமாட்டோம்."

மெக்கானிக்கை மனைவி சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "இதப் பாருங்க. அக்காகிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆட்டத்துல தோத்து அவங்களே விட்டுட்டாதான் உண்டு. தயவுசெஞ்சு ஜெயிச்சுடுங்க. எங்கயும் நிக்காதீங்க, யார்கிட்டயும் பேசாதீங்க. கதவைப் பாத்தா வெளிய போயிடுங்க."

"இது ஒரு பெரிய விஷயமா? நீ கவலைப்படாதே" என்றார் அவர்.

ஆட்டம் சூடு பிடித்தது. மற்றவர்களுக்கு ஆறு விழும்போதெல்லாம் சகலையின் கால் மேஜைக்கடியில் பிரேக் போட்டது. அக்கா தங்கையின் கையிலிருந்த சீட்டுகளைப் பிடுங்கி, "இப்படியாடி வெச்சுக்கறது?" என்று வரிசையாக அடுக்கிக் கொடுத்தாள், அடுக்கும் சாக்கில் எல்லாவற்றையும் பார்த்தும் கொண்டாள். ஆனால் அன்று அதிர்ஷ்டம் மெக்கானிக் பக்கம் இருந்தது. சகலையும் மூன்று சாவி சேர்த்துவிட்டாலும், வாசல் கட்டத்தில் முதலில் போய் நின்றது மெக்கானிக்தான். அடுத்த முறை காயை வெளியே எடுத்து வைத்தால் முடிந்தது கதை.

அதற்கு முன் மனைவியின் முறை. சகலை எப்படியாவது முந்திவிடக் கூடாதே என்ற பயத்தில், தன்னிடமிருந்த நல்ல சீட்டை அந்தச் சகலையின் காய் மேல் போட்டு, அதைச் சலவை அறையில் அடைத்தாள். சீட்டில், 'சலவை அறையில் குழாய் உடைந்தது. யாராவது வந்து மூடும்வரை உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது' என்று எழுதியிருந்தது. ஓர் அறை, ஒரு குழாய், கதவிடுக்கு வழியாக வழிந்தோடும் தண்ணீர் எல்லாம் நீல நிறத்தில் தத்ரூபமாக வரைந்திருந்தார்கள்.

மெக்கானிக்கின் முறை வந்தது. காயின் மேல் கை வைத்தவர் சீட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"தண்ணி ஓடிட்டிருக்கே" என்றார்.

"ஓடட்டும். நீங்க வெளிய போங்க" என்றாள் மனைவி, பல்லைக் கடித்தபடி.

"அது சரி. ஆனா தண்ணி ஓடிட்டிருக்கும்போது எப்படிக் கிளம்புறது?"

வாசல்வரை வந்தவர் விரும்பினால் எந்த அறைக்கும் திரும்பிப் போகலாம் என்று விதியில் இருந்தது. அந்த ஆசை எவனுக்கு வரும் என்று விதியை எழுதியவருக்கே தெரிந்திருக்காது. மெக்கானிக் காயைத் தூக்கிக்கொண்டு நேராகச் சலவை அறைக்குப் போனார். குழாயை மூடினார். "அப்பாடா" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். விடுதலையான சகலை பகடையை உருட்டி வாசலுக்குப் பாய்ந்தார். அடுத்த முறை வெளியேயும் போய்விட்டார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியைத் தூக்கித் தரையில் போட்டவரே மெக்கானிக்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தபிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

சகலை துண்டைச் சுழற்றி ஆடினார். அக்கா மாடியில் தங்கையின் கட்டிலை எந்தத் திசையில் போடுவது என்று முடிவே செய்துவிட்டாள். "தம்பி, இனிமே நம்ம வீட்டு மனுஷர்தானே! எங்க மெஷின் கடகடன்னு சத்தம் போடுது, இப்பவே பாத்துடுங்க" என்றாள்.

சனியனைத் தூக்கிப் பனியனில் போட்டுக்கொள்கிறோம் என்று பாவம் அவளுக்குத் தெரியாது. பெல்ட் தளர்ந்திருந்தது. மெக்கானிக் இறுக்கினார், துணியைப் போட்டார், எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். மனம் சரியில்லாவிட்டால் அவருக்குப் பேச்சு இன்னும் கூடும். சகலைக்கு மதியத் தூக்கம் உயிர். அவரை எதிரே உட்காரவைத்து, டிரம் பேரிங் எத்தனை வகைப்படும் என்று விளக்கினார். மெஷின் பீப் என்றதும் சகலை துள்ளி எழுந்தார். "பிழியறப்ப ஒரு சத்தம் வந்துச்சு, கேட்டீங்களா?" என்று மெக்கானிக் இன்னொரு சுற்று போட்டார். சகலை கொட்டாவி விட்டார். பலிக்கவில்லை. வெக்கையிலாவது கிளம்பமாட்டாரா என்று எழுந்துபோய் ஃபேனை நிறுத்திப் பார்த்தார்.

"ஃபேன் நின்னுடுச்சே! கண்டென்சர் போயிருக்கும்" என்று மெக்கானிக் ஏணி கேட்டார். ஃபேன் கீழே இறங்கி, கூடத்தின் நடுவே பாகம் பாகமாகப் படுத்தது. சகலையின் கால் தரையை மிதித்த மிதியில் அங்கே உண்மையிலேயே பிரேக் இருந்திருந்தால் வீடே நின்றிருக்கும்.

அதுவரை மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்த மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல அவள் முகம் தெளிந்தது. "மாடிக்கு வந்துட்டா ரொம்ப வசதிக்கா" என்றாள், சர்க்கரையாக. "வேலை முடிஞ்சா படி இறங்கி நேரா இங்கதான் வந்து உக்காருவார். லீவு நாள்னா காலையிலேயே வந்துடுவார். நீங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கறேன்னு சொல்லிட்டீங்களே."

அக்கா சகலையைப் பார்த்தாள். சகலை ஃபேனைப் பார்த்தார்.

"அது வந்து... மாடியை ஒரு பல் டாக்டர் கேட்டிருக்காரு. மறந்தே போயிட்டேன்" என்றார் சகலை.

"ஆமாமா, அட்வான்ஸே குடுத்துட்டாரு" என்றாள் அக்கா.

மெக்கானிக் நிமிர்ந்தார். "அதெப்படி சகலை? தோத்தது தோத்ததுதான். பேச்சுன்னா பேச்சு. நாங்க வந்துடறோம்."

"வேண்டாம் சகலை!" என்று சகலை அலறியே விட்டார். அதே நேரம் மனைவி கணவரின் தொடையில் கிள்ளிய கிள்ளில் அவர் எழுந்து நின்றுவிட்டார். மெஷினும் இரண்டாவது சுற்றை முடித்துப் பீப் என்றது; நின்றவரை அப்படியே தெருவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

தெருமுனையில் அவர் நின்று அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பல் டாக்டர் யாரும் இல்லையோ?" என்றார்.

"இல்லை."

"என்னாலதான் வேண்டாம்னாங்களா?"

மனைவிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமா."

அவருக்குச் சுருக்கென்றது. தேநீர் கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அதைத் தூக்கம் என்றே நினைத்துவிட்டாரே! "அப்ப எல்லா வீட்லயும் இப்படித்தான் நெனச்சிருப்பாங்களா?" என்று கேட்டார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"மத்த வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாது" என்றாள் அவள். "நம்ம வீட்ல அப்படி யாரும் நெனக்கலை. நீங்க வேலைக்குக் கிளம்பினாலே எனக்கு வீடு வெறிச்சுன்னு ஆயிடுது. போதுமா?"

அவர் கொஞ்ச தூரம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

"அந்த பேரிங் விஷயத்தைப் பாதியில விட்டுட்டேன். சொல்லவா?"

"சொல்லுங்க."

முதலிலிருந்தே ஆரம்பித்தார். வீடு வரும்வரை அவள் ம் கொட்டிக்கொண்டே வந்தாள்.