சென்னியம்மாள் பிடித்த சாயம்

சென்னியம்மாளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு, எருமப்பட்டிக்கு அந்தப்பக்கம் எங்கள் சோளக்காட்டோரம் இருந்த சாயப்பட்டறையை ஒற்றை ஆளாக நடத்தினாள். நூலை முக்கி முக்கி அவள் கை முழங்கை வரை சிவந்தே கிடக்கும். அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் கஞ்சி ஊற்றியது அந்தப் பட்டறைதான்.

எண்பத்து மூன்று கோடையில் எங்கள் கிணறு அடிமட்டத்துக்குப் போய், பட்டறைக் கழிவு ஊறித் தண்ணீர் சிவப்புத் தட்டியது. கிணறும் பட்டறை நின்ற இடமும் செங்கோடனுடையவை, குடிப்பது நாங்கள் எல்லோரும். அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அக்கா, இதையக் குடிக்க முடியுங்களா? ஆடி நோம்பிக்குள்ள இந்தச் சாயத்தண்ணி வர்றத நிறுத்தோணும். இல்லீன்னா பட்டறையப் பூட்டிப்போடுங்க."

"பூட்டிப்போட்டு எம்புள்ளைக மண்ணையா திங்கும்?"

அவள் தம்பி சின்னுசாமி சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தான். நிலக்கடலைத் தோலை ஆசிட்டில் கருக்கி, அலசிக் காயவைத்து, அதன் வழியே கழிவை விட்டால் தோல் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அவன்தான் சொன்னான். அவ்வளவுதான், பித்துப் பிடித்தவள் மாதிரி ஆகிவிட்டாள். கடலை உடைக்கிற மில்லிலிருந்து மூட்டை மூட்டையாகச் சுமந்தாள். ஆசிட் தெறித்துச் சேலையெல்லாம் ஓட்டை. புகையில் இருமி இருமிக் குரலே போய்விட்டது. தோல் நிரப்பிய முதல் டிரம்மில் தண்ணீர் சிவப்பாகவே இறங்கியபோது, "போச்சு, எம் பொழப்பே போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளோடு நானும் சேர்ந்தேன். தோலைப் பொடியாக இடித்து நெருக்கி நிரப்பினோம். ஒருநாள் தெளிந்த தண்ணீர் சொட்டியதே, அடேயப்பா, அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடினாள் பாருங்கள்!

கிணறும் இறைக்க இறைக்கத் தெளிந்தது. "பரவால்லீங்க அக்கா" என்று செங்கோடனே சொன்னார்.

சாயம் குடித்த தோலை அவள் குப்பைக்குழியில் கொட்டினாள். காடு உழுகிற மனுஷர் தோலையோ சாணியையோ வீசுவதில்லை. குழியில் போட்டால் எரு. அடுப்புச் சாம்பலும் அதில்தான் விழும். குழி கிணற்று மேட்டில் இருந்தது. அதில் என்ன தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன மழை! குழி நிரம்பி, சாம்பல் காரத்தில் தோல் அத்தனை சாயத்தையும் கக்கிவிட்டது. எல்லாம் கிணற்றில் இறங்கியது. விடிந்து இறைத்த முதல் குடமே குங்குமம் கரைத்த மாதிரி வந்தது.

செங்கோடன் வந்தார். பட்டறைச் சாவிக்குக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டாள். பிறகு குழிக்குள் இறங்கி, ஊறிப்போன தோலை வெறுங்கையால் வாரி வாரி மேலே போட்டாள்.

"மேல வாங்கக்கா!" என்று கத்தினேன்.

"சாயத்தப் புடிச்சுப்போட்டேன் சாமி" என்றாள். "புடிச்சத எங்க கொண்டுபோயிக் கொட்டறதுன்னு ஒருத்தருஞ் சொல்லலியே."

மனசு கேட்காமல் கூடையோடு நானும் இறங்கினேன். கூடை நிறைந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று எனக்கும் தெரியவில்லை.