பம்பாய் தூரமில்லை

இன்றைக்கும் யாராவது "பிளேனில் இத்தனை மணி நேரந்தான்" என்று வாய் கிழியப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மணி நேரமாம், மண்ணாங்கட்டி!

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள். பாறசாலையில் ரோட்டோரம் எங்கள் வீடு. அம்மை படுக்கையில் விழுந்ததும், பம்பாயில் வேலை பார்த்த அண்ணனுக்குத் தந்தி கொடுத்தோம். ரயில் என்றால் மூன்று நாள். அவன் பிளேனில் வருவதாகப் பதில் தந்தி அடித்தான். எங்கள் தெருவில் அதுவரை பிளேன் ஏறினவர் யாருமில்லை. தாய்மாமன் முற்றத்தில் நின்று ஊருக்கே கணக்குச் சொன்னார்.

"காலைல ஏறினா உச்சை கழிஞ்சு திருவனந்தபுரமாக்கும் மக்கா. அங்கேருந்து டாக்சியில ஒரு மணிக்கூர். வெளக்கு வைக்கதுக்கு முன்ன அவன் இங்க உண்டு."

அதுதான் வினையாகப் போயிற்று. சாகிறவர் வாயில் விடுகிற தண்ணீர், கடைசி வெள்ளம், மூத்த மகன் கையால் என்பது எங்கள் வழக்கம். அவன் வருகிற அன்று காலையிலிருந்து அம்மை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "அவன் வாறான் இல்லியா, அவன் தரட்டு." கெஞ்சினேன், திட்டினேன், கரண்டியைப் பல்லுக்கிடையில் திணித்தேன். துப்பிவிட்டாள்.

மாமன் ஆகாயத்தைக் கணக்கில் சேர்த்தார், ரோட்டை விட்டுவிட்டார். அன்று ஹர்த்தால். தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று எங்கள் பையன்கள் வழிநெடுக மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று எங்கள் மாமரம். "நம்ம பிள்ளைகளாக்கும், வெட்டிட்டுப் போங்க" என்று முந்தின நாள் படுக்கையில் கிடந்தபடியே கொடுத்தவள் அம்மைதான்.

அமரவிளைப் பாலத்தில் டாக்சியைப் போலீஸ் நிறுத்தியதை அண்ணன் பிறகு சொன்னான். முன்னால் மரம் கிடக்கிறது, வண்டி போகாது என்றார்களாம். நடந்து போகிறேன் என்றிருக்கிறான். பம்பாயிலிருந்து கிளர்ச்சிக்கு வந்தவனோ என்று பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். மலையாளத்தில் சொன்னான், தமிழில் சொன்னான், தந்தியைக் காட்டி அழுதான். காலையில் போகலாம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். பாவிகள்! பாலத்திலிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம். பின்னால் எல்லை போட்டார்கள், நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். எந்தப் பக்கம் நின்றால் எனக்கென்ன? ஒரு பிள்ளை தாயிடம் போக வழிவிடாத மனுஷர்கள் இரண்டு பக்கமும்தான் இருந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மை போய்விட்டாள், நாக்கு வறண்டு.

அண்ணனுக்காக உடலை வைத்திருந்தோம். காலையில் அவன் புழுதிக் காலோடு வந்து நின்றதும் மாமன், "விதியாக்கும் மக்கா" என்று ஆரம்பித்தார்.

"விதியும் இல்ல, ஒரு மயிரும் இல்ல!" என்று கத்திவிட்டேன்.

அண்ணன் எதையும் காதில் வாங்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து, கிண்டியிலிருந்து உள்ளங்கையில் வெள்ளம் எடுத்து அம்மையின் உதட்டில் விட்டான். அது கன்னத்தில் வழிந்து பாயில் இறங்கியது. மறுபடியும் எடுத்து விட்டான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"குடிக்க மாட்டேங்கா."