சத்தியபாமா வாசித்த கெட்டிமேளம்

நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்களுக்கு நேர் மேல்வீடு சத்தியபாமா. பகலில் ஸ்டோவ்னரில் ஒரு பாலர் பள்ளியில் வேலை. அங்கே கூட வேலைசெய்த சுவீடன்காரி ஒருத்தியிடம் ஒன்பது வருடமாக நிக்கல்ஹார்ப்பா பழகினாள். வயிற்றோடு அணைத்து, கட்டைகளை அமத்தி, வில்லால் இழுக்கும் சுவீடன் நாட்டுப்புற வாத்தியம் அது. நோர்வேக்காரர், "எங்கள் வயலினுக்கு என்ன குறை?" என்பார்கள். எங்கள் சனம், "வீணை பழகியிருக்கலாமே?" என்னும்.

அவளுக்கு ஒரே ஆசை.

"எங்கடை ஆக்கள் ஒரு பாட்டையாவது கடைசிமட்டும் கேக்கவேணும், அண்ணை."

போன கலைவிழாவில் அவள் வாசிக்கும்போது பாதியில் ஒலிவாங்கியைப் பறித்து, வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொன்னது சாட்சாத் நான்தான்.

என் மகள் தக்ஷாயினியின் கலியாணத்தன்று லண்டனில் பனிமூட்டம். அங்கிருந்து வரவேண்டிய நாதஸ்வரக் கோஷ்டி விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டது. முகூர்த்தம் நெருங்க எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"சத்தியபாமாவைக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி சிவநாயகி.

"தாலி கட்டேக்கை சுவீடன் பாட்டோ?"

"கெட்டிமேளம் இல்லாம, ஆரும் தும்மினால் அபசகுனமாக் கேக்கட்டுமோ?"

மண்டபத்தில் சனத்தோடு இருந்தவளிடம் போய்க் கேட்டேன்.

"கலியாணத்துக்கெண்டே சுவீடனிலை ஒரு பாட்டிருக்கு, அண்ணை. ஆனா பாதியிலை நிப்பாட்டமாட்டன்."

"ஓம், ஓம்," என்றேன். அந்த நேரம் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் வாத்தியத்தோடு வந்தாள். ஐயர் விரலை உயர்த்தியதும் காலால் தரையை உதைத்துத் தொடங்கினாள். பத்துப் பேர் தும்மியிருந்தாலும் கேட்டிராது. மாப்பிள்ளை மதுரன் எவ்வளவு திருகியும் தாலிக்கொடியின் திருகு பூட்டுப்படவில்லை. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாகத் திருகு பூட்டுப்பட, ஐயர் கையை இறக்கி, நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். பாட்டு பாதியில் நின்றது. வில் தளர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். கலைவிழாவில் பார்த்த அதே முகம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை முடிக்கட்டும்," என்று கத்தினேன்.

ஐயர் முறைத்தார். சிவநாயகி என்னை அதிசயமாகப் பார்த்தாள். சத்தியபாமா விட்ட இடத்திலிருந்து மறுபடி இழுத்தாள். கையில் அரிசியை வைத்துக்கொண்டு முந்நூறு பேரும் மூச்சுக்காட்டாமல் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் எறிந்தோம். பாதிக்கு மேல் அவள் தலையில்தான் விழுந்தது.