மூடியிருந்த லென்ஸ்

மதுரையில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "லென்ஸ்ல மூடி இருந்தாலும் பாக்குற கண்ணாடியில எல்லாம் தெளிவாத் தெரியும். படம் விழாது, பாத்துக்கங்க" என்றார் கடைக்காரர்.

எனக்கா தெரியாது? ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலில் மருந்து அடித்த நாள். அப்பாவின் கேமராவில் தெறித்துவிடுமே என்று நான்தான் மூடியை மாட்டினேன். அது தெரியாமல் அப்பா அம்மாவை நிறுத்தி நாலைந்து படம் எடுத்தார். "போதும்ங்க, வெக்கமா இருக்கு" என்று அம்மா சிரித்தாள்.

அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். மாலை போடப் படம் வேண்டுமென்று ஃபிலிமைக் கழுவினால், அம்மா இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினோம்.

"மூடியக் கழட்ட மறந்துட்டேனே ஆத்தா" என்று அப்பா சாகும்வரை என்னிடம் புலம்பினார். நான் வாயே திறக்கவில்லை.

"மூடி வேண்டாம், கேமராவை மட்டும் கொடுங்க" என்றேன்.